அஸ்பால்டீன் அடைப்பு: எந்த வழி எந்த இடத்துக்கு?

ஓர் எண்ணெய்க் கிணற்றின் வாயில் அழுத்தம் மாதாமாதம் இறங்குகிறது. உற்பத்தியும் கூடவே இறங்குகிறது. வயர்லைன் எனும் மெல்லிய கம்பியில் இறக்கிய கருவி பாதி ஆழத்தில் முட்டி நின்றுவிடுகிறது. மேலே எடுத்தால், அதன் முனையில் நிலக்கரித் தூள் போலக் கறுப்பாய், நொறுங்கும் தன்மையோடு ஏதோ ஒட்டியிருக்கிறது. உடனே விவாதம் தொடங்கிவிடும்: அவ்வப்போது சைலீன் என்ற கரைப்பான் விட்டுக் கழுவிக்கொண்டே போகலாமா, இல்லை அடியிலிருந்தே படிவைத் தடுக்கும் கெமிக்கலான தடுப்பான் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்துவிடலாமா?

இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. இவையும் மற்ற வழிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையைக் காக்கும், ஒன்று குழாயைக் காக்கும், இன்னொன்று எதையும் காக்காது, வந்த பழுதை நீக்க மட்டும் செய்யும். ஆகவே படிவு எந்த இடத்தில் பிறக்கிறது என்பது தெரியாமல் செய்யும் ஒப்பீடு வெறும் விலைப்பட்டியலாகத்தான் முடியும்.

முதலில், அது மெழுகா அஸ்பால்டீனா?

கேட்க எளிமையாக இருந்தாலும், இதைச் சரிபார்க்காமல் எடுத்த முடிவு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மெழுகு என்பது நீண்ட சங்கிலி கொண்ட பாரஃபின்கள். குளிர்ந்தால் படிகமாகும், சூடாக்கினால் உருகும். அதனால்தான் சூடான எண்ணெயைச் சுற்றவிட்டு மெழுகை எடுத்துவிட முடிகிறது. அஸ்பால்டீன் உருகாது. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் சிதைந்து கரியாகும், அவ்வளவுதான்.

ஒட்டியிருந்த பொருளில் கொஞ்சம் எடுத்து, ஒரு குப்பியில் இளஞ்சூடான ஹெப்டேனிலும் இன்னொன்றில் டொலுயீனிலும் போட்டுப் பாருங்கள். மெழுகு ஹெப்டேனிலேயே கரையும். அஸ்பால்டீன் அதில் அப்படியே கிடக்கும். டொலுயீனில் போட்டதும் கறுப்பு மை போலக் கரையும். உண்மையில் அஸ்பால்டீனுக்கான இலக்கணமே இதுதான். அது ஒரு தனி மூலக்கூறின் பெயர் கிடையாது. ஹெப்டேனில் கரையாது, டொலுயீனில் கரையும் என்ற தேர்வில் வந்து விழும் பல்லாயிரம் மூலக்கூறுகளின் கூட்டுப் பெயர். 1837-ல் பிரெஞ்சு வேதியியலாளர் புசிங்கோ அந்தப் பெயரைச் சூட்டினார்.

பல கிணறுகளில் இரண்டும் கலந்தே படியும். அப்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. கையில் டீசலோ வாயுவிலிருந்து குளிர்ந்து வரும் லேசான எண்ணெயான கண்டென்சேட்டோ இருக்கிறது என்று அதை ஊற்றிக் கழுவுவார்கள். மெழுகு கொஞ்சம் போகும். ஆனால் அந்தத் திரவங்களில் பெரும்பங்கு பாரஃபின்தான். ஆய்வகத்தில் ஹெப்டேன் செய்யும் வேலையை அவை கிணற்றுக்குள் செய்துவிடும். எண்ணெயில் கரைந்திருந்த அஸ்பால்டீனும் புதிதாக வெளியே வரும்.

ஏன் அழுத்தம் இறங்கும்போது பிரிகிறது?

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லா முடிவும் இதில்தான் நிற்கிறது.

அஸ்பால்டீன் மூலக்கூறின் நடுவில் ஒன்றோடொன்று இணைந்த, பென்சீன் போன்ற நறுமண வளையங்களின் தட்டு, ஓரங்களில் குட்டையான சங்கிலிகள். நிறை சுமார் 750 டால்டன், அகலம் சுமார் 1.5 நானோமீட்டர். தட்டுக்கு மேல் தட்டாக ஆறேழு மூலக்கூறுகள் அடுக்கி நிற்பது முதல் திரள். அதன் அளவு சுமார் 2 நானோமீட்டர். அப்படிப்பட்ட எட்டுத் திரள்கள் வரை கூடினால் சுமார் 5 நானோமீட்டர் கொத்து. 1960-களில் ஆய்வாளர் யென் தொடங்கிவைத்து, 2010-ல் ஆய்வாளர் முல்லின்ஸ் திருத்தியமைத்த சித்திரம் இது. இந்த அளவில் இருக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. எண்ணெய் சலசலவென்று ஓடும். கரைசலின் குணம் மாறும்போதுதான் கொத்துகள் ஒன்றையொன்று பிடித்து மைக்ரான் அளவுக்கு வளர்ந்து, கண்ணுக்குத் தெரியும் கறுப்பாக வெளியே வருகின்றன.

கரைசலின் குணத்தை மாற்றுவது எது? எண்ணெய்க்குள் கரைந்திருக்கும் மீத்தேன், ஈத்தேன் போன்ற லேசான வாயுக்கள்தான். எண்ணெய் மேலேறும்போது அழுத்தம் குறைகிறது. வாயு குமிழியாகக் கிளம்பத் தொடங்கும் அழுத்தத்துக்குக் குமிழிப் புள்ளி என்று பெயர்; அதற்கு வரும்வரை வாயு வெளியேறாது. உள்ளேயே இருந்துகொண்டு, கனமான பகுதிகளைவிட அதிகமாக விரியும். திரவத்தின் கன அளவில் லேசான பகுதியின் பங்கு கூடுகிறது. எண்ணெயில் யாரோ சிறிது சிறிதாக ஹெப்டேன் ஊற்றுவது போலத்தான். ஓர் அழுத்தத்தில் அஸ்பால்டீன் பிரியத் தொடங்கும். அதைத் தொடக்க அழுத்தம் என்கிறோம். குமிழிப் புள்ளியில் நிலைமை உச்சம். அதற்குக் கீழே போனதும் வாயு குமிழியாக வெளியேறிவிடுகிறது. மிச்சமிருக்கும் திரவம் கனமாகி, நல்ல கரைப்பானாகத் திரும்புகிறது. இன்னும் கீழே போனால் பிரிதல் நின்றுவிடும்.

அதனால்தான் அஸ்பால்டீன் அதிகமுள்ள எண்ணெயில்தான் அடைப்பு அதிகம் என்று நினைப்பது தவறு. வெனிசுவேலாவின் போஸ்கான் வயல் எண்ணெயில் சுமார் 17 சதவீதம் அஸ்பால்டீன். உற்பத்தியில் அதனால் பெரிய சிக்கல் எழவில்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூத் எண்ணெயில் அரை சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் கிணறுகள் அடைத்துக்கொண்டன, டொலுயீன் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது. போஸ்கான் எண்ணெய் கனமானது, அதில் கரைந்த வாயு குறைவு. ஹாசி மெசாவூத் எண்ணெய் லேசானது, வாயு நிறைந்தது, தேக்கம் எனப்படும், எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையின் அழுத்தமும் உயர்வு. 1995-ல் ஆய்வாளர் டி போர் குழுவினர் வரைந்த வரைபடம் இந்தப் பாடத்தைத்தான் கோடாக்கியது: தேக்க அழுத்தத்துக்கும் குமிழிப் புள்ளிக்கும் இடைவெளி அதிகமாகவும் எண்ணெயின் அடர்த்தி குறைவாகவும் இருந்தால் எச்சரிக்கை.

ஒரு கற்பனைக் கிணறு

எண்களோடு பேசினால்தான் ஒப்பீடு பிடிபடும். 4,500 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றை வைத்துக்கொள்வோம். தேக்க அழுத்தம் 500 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). எண்ணெய் ஓடும்போது அடியில் 400 பார். அஸ்பால்டீன் தொடக்க அழுத்தம் 350 பார், குமிழிப் புள்ளி 200 பார். லேசான எண்ணெய் என்பதால் ஒரு மீட்டர் மேலேறினால் அழுத்தம் சுமார் 0.07 பார் குறையும். தொடக்க அழுத்தம் வெப்பத்தோடும் மாறும். கணக்கு எளிதாக இருக்க அதை மாறாததாகக் கொள்கிறேன்.

அடியிலிருந்து 700 மீட்டர் மேலேறும்போது அழுத்தம் 350-க்கு வந்துவிடும். அதாவது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் பிரிதல் தொடங்குகிறது. சுமார் 1,640 மீட்டர் ஆழத்தில் குமிழிப் புள்ளி. இந்த இரண்டு ஆழங்களுக்கு நடுவே உள்ள 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட குழாய்தான் ஆபத்தான பகுதி. அதற்கு மேலே, பிரிதல் முற்றிலும் நிற்கும் அழுத்தம் வரும்வரை, கொஞ்சம் தணியும்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

சோக்கை இறுக்குவது

சோக் என்பது கிணற்றுவாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. அதை இறுக்கி, ஓட்டத்தைக் குறைத்து அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பதுதான் மூலத்தையே தொடும் வழி, பிரிதலே நடக்காது. ஆனால் நம் கிணற்றில் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய் முழுவதும் 350-க்கு மேலே இருக்க வேண்டுமானால், 4,500 மீட்டர் எண்ணெய்த் தூணின் எடை 315 பாரையும் சேர்த்து அடியில் 665 பார் வேண்டும். தேக்கத்திலேயே 500 பார்தான் இருக்கிறது. நடக்காத காரியம்.

அப்படியானால் சோக்கால் பயனே இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். அடி அழுத்தம் 350-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பாறைக்குள் படிவு உண்டாகாது. குழாயில் படிந்ததைக் கழுவலாம், சுரண்டலாம், கடைசியில் குழாயையே மாற்றலாம். பாறையின் நுண்துளைகளுக்குள் படிந்ததை அப்படி எடுக்க முடியாது. அது துளைகளை அடைப்பதோடு பாறையின் பரப்பை எண்ணெய் விரும்பியாகவும் மாற்றிவிடும். எனவே சோக்கைப் பாறையின் காவலனாகத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் உற்பத்தி குறைந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேக்கத்தில் தண்ணீர் செலுத்தி அழுத்தத்தைத் தக்கவைப்பதும் இதே வகைதான். அது ஒரு கிணற்றுக்கான முடிவல்ல, வயல் முழுவதற்குமான முடிவு.

அடியில் தடுப்பான் செலுத்துவது

குழாயோடு சேர்த்து ஒரு மெல்லிய கேபிலரி லைனை இறக்கி, இடைவிடாமல் கெமிக்கல் செலுத்துவது இந்த வழி. குழாயைக் காக்க இதைவிடச் சிறந்தது இல்லை, ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

முதல் நிபந்தனை இடம். தடுப்பான் எண்ணெயைச் சந்திப்பது பிரிதல் தொடங்கும் முன் இருக்க வேண்டும். நம் கிணற்றில் செலுத்தும் வால்வு 3,800 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். 2,500 மீட்டரில் வைத்தால், ஏற்கெனவே திரண்டு வரும் துகள்கள் மேல்தான் கெமிக்கல் விழும். கீழேயுள்ள 1,300 மீட்டருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கிணறு கட்டி முடித்த பிறகு லைனை இறக்குவது பெரிய வேலை என்பதால், இந்த முடிவை முதல் நாளிலேயே எடுத்தாக வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு அதிக அக்கறையுள்ள விஷயம். தடுப்பான் என்று ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், பிரிதலைத் தடுப்பது, திரள்வதைத் தடுப்பது, சுவரில் ஒட்டுவதைத் தடுப்பது என்று மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இரண்டாவது வகை: பிரிந்த துகள்கள் பெரிதாகாமல் சிதறவைக்கும் கெமிக்கல்கள். டோடெசைல் பென்சீன் சல்ஃபானிக் அமிலம், நோனைல்ஃபீனால் வகைகள் எல்லாம் ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்குபவை. துகள் சிறிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரிய கொத்துகளை ஓட்டம் தூக்கிக்கொண்டு போய்விடும். சிறிய துகள்கள்தான் பரவல் மூலம் வேகமாகச் சுவரை அடைகின்றன. ஆகவே திரள்வதை மட்டும் தடுக்கும் கெமிக்கல், சில எண்ணெய்களில் சுவர்ப் படிவைக் கூட்டிவிடும். ஆய்வகத்தின் கண்ணாடிக் குழாய்ச் சோதனையில் அருமையாகத் தேறியது கிணற்றில் ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாயு போன எண்ணெயில் பல மடங்கு ஹெப்டேன் சேர்த்து, தடுப்பான் கலந்து, சில மணிநேரம் கழித்து அடியில் எவ்வளவு வண்டல் என்று பார்ப்பார்கள். மலிவானது, ஒரே நாளில் இருபது கெமிக்கல்களைப் பார்த்துவிடலாம். ஆனால் கிணற்றில் பிரிதலைத் தூண்டுவது ஹெப்டேன் அல்ல, அழுத்த இறக்கம். சோதனைக்குப் போவது வாயு இழந்த எண்ணெய், கிணற்றில் ஓடுவது வாயு நிறைந்த எண்ணெய். நேரமும் ஒரு பிரச்சினை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபோக்லர் குழுவினர் 2009-ல் காட்டியது இது: ஹெப்டேனின் அளவு குறைவாக இருந்தால் அஸ்பால்டீன் உடனே தென்படுவதில்லை, மணிக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கிறது. அன்று மாலையே நிலையானது என்று எழுதிவைத்த எண்ணெய் உண்மையில் மெதுவானதாக இருக்கலாம்.

சரி, என்ன செய்வது? கண்ணாடிக் குழாயை வேண்டாதவற்றைக் கழிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மிஞ்சும் இரண்டு மூன்றை, கிணற்றடியிலிருந்து அழுத்தம் குறையாமல் எடுத்த மாதிரியில், அகச்சிவப்பு ஒளி ஊடுருவல் முறையிலோ உயரழுத்த நுண்ணோக்கியிலோ பாருங்கள். முடிந்தால் ஓட்டத்தில் உலோகச் சுவர்மேல் எவ்வளவு படிகிறது என்றும் அளந்து பாருங்கள். மாதிரிக் குப்பி அழுத்தத்தை ஈடுகட்டும் வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் குப்பியில் மேலே வரும் வழியில் எண்ணெய் குளிர்ந்து அழுத்தம் விழும். அஸ்பால்டீன் குப்பிக்குள்ளேயே பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவிடப்போகும் பொருளை அளவிடும் முன்பே தொலைத்துவிடுவோம். தேக்க வெப்பத்திலும் அழுத்தத்திலும் பல நாள் குலுக்கி மறுபடி கரைக்காமல் தொடக்க அழுத்தத்தை அளக்கக் கூடாது.

செலுத்தும் அளவிலும் கவனம் வேண்டும். அதிகம் விட்டால் அதிகப் பலன் என்பது பல தடுப்பான்களுக்குப் பொருந்தாது. ஓர் அளவுக்கு மேல் அவை தங்களுக்குள்ளேயே கூடிக்கொண்டு வேலையைக் குறைத்துக்கொள்ளும். கேபிலரி லைனுக்குள் வெற்றிடம் உண்டானால் கெமிக்கலின் கரைப்பான் ஆவியாகி, மிச்சம் கோந்து போல இறுகி லைனையே அடைத்துவிடும். இதைத் தடுக்க லைனின் அடியில் எப்போதும் எதிரழுத்தம் தரும் வால்வு வேண்டும்.

பாறைக்குள் தள்ளும் ஸ்க்வீஸ்

கேபிலரி லைன் இல்லாத பழைய கிணறுகளுக்கும், பிரிதல் பாறைக்குள்ளேயே தொடங்கிவிட்ட கிணறுகளுக்கும் மிச்சமிருப்பது இதுதான். தடுப்பானைப் பாறைக்குள் தள்ளி, ஒட்டவைத்து, எண்ணெயோடு சிறிது சிறிதாக வெளிவரவிடுகிறோம். உப்புப் படிவுக்கு இதே முறை நன்றாக நிற்கும்; அஸ்பால்டீன் தடுப்பான்கள் பாறையில் அவ்வளவு உறுதியாகப் பிடிப்பதில்லை, அதனால் பலன் எவ்வளவு நாள் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். நம் கிணற்றில் தேக்கம் வற்றி அடி அழுத்தம் 340-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது குழாயின் அடியில் செலுத்தும் தடுப்பான் பாறைக்கு எட்டாது. வேறு வழியில்லாத இடத்தில் ஸ்க்வீஸை ஒப்புக்கொள்வேன், முதல் தேர்வாக ஒருபோதும் வைக்க மாட்டேன்.

கரைப்பான் ஊற்றிக் கழுவுவது

எல்லோருக்கும் பழக்கமானது. சைலீனோ டொலுயீனோ ஊற்றி, சில மணிநேரம் ஊறவிட்டு, திரும்ப எடுப்பது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், அடுத்த வாரமே தொடங்கலாம். படிவு மெதுவாக வளரும் கிணற்றில், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும் என்றால், இதுவே சரியான முடிவு; அங்கே கேபிலரி லைன் வீண் செலவு.

ஆனால் இங்கேயும் ஆழம்தான் பேசும். நம் கிணற்றில் படிவு 1,640 மீட்டருக்குக் கீழே. மேலிருந்து கொஞ்சம் சைலீன் ஊற்றினால் அது சுத்தமான குழாயை நனைத்துவிட்டு எண்ணெயோடு கலந்து மெலிந்துபோகும். காயில்டு டியூபிங் எனும், சுருளிலிருந்து விரித்து இறக்கும் மெல்லிய குழாயை இறக்கி, படிவின் முகத்தில் நேராகப் பாய்ச்ச வேண்டும். ஊறும் நேரமும் முக்கியம்; பழைய படிவு இறுகிப்போய், ஆய்வகத்தில் புதுத் தூள் கரையும் வேகத்தில் கரையாது. அப்புறம் பாதுகாப்பு. டொலுயீனின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ். சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். சைலீனுக்கு 25-க்கும் 30-க்கும் இடையே. நைட்ரைல் ரப்பர் சீல்கள் இரண்டிலும் ஊதிக் கெட்டுப்போகும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன் வகைக் கரைப்பான்களுக்கு அந்த வெப்பநிலை 48 டிகிரி வரை இருப்பதால் கையாள ஓரளவு எளிது.

கழுவுவதற்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஒவ்வொரு முறையும் குழாய் மறுபடி சுத்தமாகும், ஆனால் இடைவெளி மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால், பிரிதல் இப்போது பாறையை நெருங்கிவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும். இடைவெளி ஆறு வாரத்திலிருந்து மூன்று வாரமாகும்போது இன்னும் கொஞ்சம் சைலீன் வாங்குவது விடை ஆகாது.

வயர்லைனில் சுரண்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. மலிவு, விரைவு. நொறுங்கும் படிவுக்கு நன்றாக வேலை செய்யும். பாறைக்கு எட்டாது. மீயொலி, நுண்ணலை போன்றவற்றுக்கு ஆய்வகக் கட்டுரைகள் ஏராளம். ஒரு கிணற்றின் எதிர்காலத்தை அவற்றின்மேல் இன்று வைக்க மாட்டேன்.

சிக்கலை நாமே வரவழைக்கும் இடங்களும் உண்டு. எண்ணெயை வாயுவால் மேலே தூக்கும் கேஸ் லிஃப்டுக்குக் கனமான வாயு செலுத்துவதும், உற்பத்தியைக் கூட்ட கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதும் தொடக்க அழுத்தத்தை மேலே தூக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாறையைத் திறக்கும்போது, துரு கரைந்து வரும் இரும்போடு சேர்ந்து அஸ்பால்டீன் கெட்டியான சேறாகும். இப்படி வந்த அடைப்புக்குத் தடுப்பான் தேடும் முன், காரணத்தை நிறுத்த முடியுமா என்று பார்ப்பது நல்லது.

கிணற்றைத் தாண்டிய பிறகும் இதே விஷயம் தொட்டியில் தொடரும். இரண்டு எண்ணெய்கள் தனித்தனியே நிலையாக இருந்தும் கலக்கும்போது வண்டல் தள்ளலாம். எக்ஸான் நிறுவனத்தில் இர்வின் வீஹே வகுத்த முறையில் ஒவ்வொரு எண்ணெய்க்கும் கரைக்கும் திறன் எண், கரையாமை எண் என இரண்டு எண்கள் அளக்கப்படும். கலவையின் கரைக்கும் திறன், கலப்பவற்றில் மிக உயர்ந்த கரையாமை எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒரே விகிதத்துக்குக்கூட, பாரஃபின் எண்ணெயைக் கடைசியில் சேர்ப்பது பாதுகாப்பு. வரிசை மாறினால் நடுவழியில் எல்லையைத் தாண்டிவிடும், ஒருமுறை பிரிந்தது சீக்கிரம் திரும்பக் கரையாது.

நம் கிணற்றுக்கு வருவோம். புதிதாகத் தோண்டுவதாக இருந்தால், 4,300 மீட்டரில் கேபிலரி வால்வு வைத்து, சோக்கால் அடி அழுத்தத்தை 370-க்குக் கீழே விடாமல் ஓட்டுவேன். அடி அழுத்தம் 370-க்கு வந்தால் பிரிதல் சுமார் 4,200 மீட்டரிலேயே தொடங்கிவிடும், வால்வு அதற்கும் கீழே இருக்க வேண்டும். அந்த 20 பார் இடைவெளி, தொடக்க அழுத்த அளவீட்டில் இருக்கக்கூடிய பிழைக்காக. கேபிலரி இல்லாத பழைய கிணறு என்றால், சோக்கின் எல்லை அதேதான். குழாய்க்கு மட்டும் காயில்டு டியூபிங்கில் கழுவலும், நடுவில் வயர்லைன் சுரண்டலும். இரண்டு நிலையிலும் ஒவ்வொரு கழுவலுக்கு முன்னும் குழாயின் உள்விட்டத்தை அளக்கும் கேலிபர் கருவியை ஓட்டி, படிவு எந்த ஆழத்தில் எவ்வளவு தடிமன் என்று குறித்துவைக்க வேண்டும். கெமிக்கலை மாற்றினாலும் அளவை மாற்றினாலும் அந்தத் தடிமன்தான் தீர்ப்பு சொல்லும், ஆய்வகக் குப்பி சொல்லாது.

தேக்கம் வற்றிக்கொண்டே வந்து, அதன் அழுத்தமும் ஒருநாள் 350-ஐத் தொடும். அப்போது சோக்கால் பாறையைக் காக்க முடியாது. ஸ்க்வீஸா, தண்ணீர் செலுத்துவதா என்ற பேச்சை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அதற்கும் பல ஆண்டுகள் கழித்து தேக்கமே குமிழிப் புள்ளிக்கு வெகு கீழே இறங்கிவிட்டால், வாயு போன எண்ணெய் அஸ்பால்டீனைத் தானாகவே கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த நாளில் தடுப்பான் பம்பை நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒருமுறை கேலிபர் ஓட்டிப் பாருங்கள். குழாய் சுத்தமாக இருந்தால் பம்பைக் கழற்றிவிடலாம்.